டீகான்சன்ட்ரேஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

பாடக்குறிப்பாளர்:
அன்பர்களே, பொது நிர்வாகப் பாடத்துக்குக் குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டீசென்ட்ரலைசேஷனுக்குப் 'பரவலாக்கம்', டெவல்யூஷனுக்கு 'அதிகாரப் பகிர்வு', டெலிகேஷனுக்கு 'ஒப்படைப்பு' என்று வைத்துக்கொண்டேன். டீகான்சன்ட்ரேஷனில் முட்டி நிற்கிறேன். முடிவெடுக்கும் அதிகாரி மேலிடத்தின் கட்டுப்பாட்டிலேயே இருப்பார். அவருடைய அலுவலகம் ஊர்ப்பக்கம் வரும். வட்டாட்சியர் அலுவலகம் மாதிரி. 'செறிவுநீக்கம்' எடுபடுமா?

நெல்லையான்:
வேதியியல் வாத்தியாரிடம் கேளுங்கள், அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றி நீர்க்கச் செய்யச் சொல்வார். இலக்கியப் பக்கம் போனால் இன்னும் வம்பு. கலித்தொகை, சொன்ன சொல் மாறாமையைச் செறிவு என்கிறது. அதை நீக்கினால் வாக்குத் தவறுவது. அரசாங்கத்துக்குப் பொருந்தும்தான், பாடநூலுக்கு ஆகாது. குறள் 123இல் செறிவு என்றால் அடக்கம். தண்டியலங்காரத்தில் அது செய்யுட்குணம், பத்தில் முதலாவது... சரி, விடுகிறேன். 'கிளைப்படுத்தல்' என் பரிந்துரை.

கொங்குத்தமிழ்:
ஐயா, பழந்தமிழில் கிளை என்றால் சுற்றம். கிளைப்படுத்தல் என்றால் மச்சானுக்கு வேலை போட்டுக் கொடுப்பது என்றல்லவா படிப்பார்கள்! அதுகூடப் போகட்டும். 'அதிகாரப் பகிர்வு' என்பதில் அதிகாரம் வடசொல். 'ஆளுரிமைப் பகிர்வு' என்று மாற்றுங்கள்.

நெல்லையான்:
தொல்காப்பியத்தின் மூன்று பகுதிகளுக்கும் அதிகாரம் என்றுதானே பெயர்? அங்கே இருக்கலாம், பஞ்சாயத்துக் குறிப்பில் இருக்கக் கூடாதா?

கொங்குத்தமிழ்:
அந்தப் பெயரைத் தொல்காப்பியரே இட்டாரா என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

யாழ்வாசி:
இலங்கையில், எங்கட பக்கத்தில், ஊருக்கு ஊர் இதற்கு உதாரணம் நிற்கிறது. பிரதேச சபை என்ற உள்ளூராட்சி மன்றம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. உறுப்பினர்களைச் சனம் வாக்களித்துத் தெரிவு செய்யும். பிரதேச செயலகம் முன்பு உதவி அரசாங்க அதிபர் பிரிவாக இருந்தது. 1992இல் சட்டம் கொண்டுவந்து கச்சேரியின், அதாவது மாவட்டச் செயலகத்தின், வேலைகள் பலவற்றை அதற்கு மாற்றினார்கள். செயலாளரை நியமிப்பது கொழும்பு. பல இடங்களில் இரண்டுக்கும் ஒரே ஊர்ப் பெயர். குப்பையும் சந்தையும் சபைக்கு, காணி அலுவல் செயலகத்துக்கு. இரண்டையும் 'பரவலாக்கம்' என்று எழுதினால் படிக்கிற பிள்ளை தடுமாறும். செயலகத்துக்கு 'நிருவாகப் பரவல்' என்று சொல்லுங்கோவன். பரவினது நிருவாகம் மட்டுந்தானே.

ஓய்வூதியர்:
இது நன்று. நான் வருவாய்த் துறையில் இருந்தவன். ஊராட்சிகளுக்கான இந்திய அரசமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. பதினோராம் அட்டவணையில் 29 பொருள்கள் இருக்கின்றன. ஆனால் 243ஜி உறுப்பைப் படித்துப் பாருங்கள். சட்டமன்றம் ஊராட்சிக்கு அதிகாரம் 'வழங்கலாம்' என்றிருக்கிறது. அந்த 'லாம்'தான் மாநிலத்துக்கு மாநிலம் விளையாடுகிறது. இன்னொன்று, இ-சேவை மையத்தை இந்தச் சொல்லுக்கு எடுத்துக்காட்டாகத் தராதீர்கள். வருமானச் சான்றுக்கு மனுவை ஊரிலேயே வாங்குகிறார்கள், ஒப்புதல் தருவது இன்றும் வட்டாட்சியர் அலுவலகம்தான், மின்கையொப்பத்தில். நகர்ந்தது மனு வாங்கும் சன்னல் மட்டும். நவீனமயம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

பாடக்குறிப்பாளர்:
யாழ்வாசியின் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். மூன்று பேர் தனிமடலிலும் அதையே ஆதரித்தார்கள். அறிமுகப் பத்தியில் ஒலிபெயர்ப்பும் இருக்கும். பிரதேச சபை, செயலகம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பெட்டிச்செய்தி போடுகிறேன்.

கொங்குத்தமிழ்:
நிருவாகமும் வடசொல்தான், இன்றைக்கு அதைக் கேட்கவில்லை. இலக்கணத்தையாவது பாருங்கள். 'பரவல்' தன்வினை. நோய் பரவும், வதந்தி பரவும். அரசாணை இல்லாமல் எந்த அலுவலகம் தானாகப் பரவியது? பிறவினையில் 'நிருவாகப் பரப்பல்' என்று போடுங்கள்.

நெல்லையான்:
பரப்பல் என்றால் கடைபரப்பல் நினைவு வருகிறது. கிளைப்படுத்தலில் இந்தச் சிக்கலே இல்லை.

பாடக்குறிப்பாளர்:
கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது ஐயா. 'பரவல்' என்றே போயிருக்கிறது.

கொங்குத்தமிழ்:
மெய்ப்பு வரும் அல்லவா? அப்போது பேசுவோம்.