சர்க்கஸ் ஓவியம்: அழும் கோமாளியை விட்டால் வேறு வழி இல்லையா?

சித்தூர் போர்டுக்காரன்:
பாலக்காட்டுச் சித்தூரில் போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். பிளக்ஸ் வந்ததும் கடையை மூடிவிட்டேன்; இப்போது எனக்காக மட்டும் வரைகிறேன். அந்தக் காலத்தில் இங்கே முகாமிட்ட சர்க்கஸ்களுக்குத் துணி பேனர் எழுதியதுண்டு. பல்லைக் காட்டும் புலி, நெருப்பு வளையம், கீழே "தினமும் மூன்று காட்சிகள்". உள்ளே இருக்கும் புலி எலும்பும் தோலுமாக இருந்தாலும் பேனர் புலி கொழுத்திருக்க வேண்டும் என்பது மேலாளரின் உத்தரவு.

சர்க்கஸை வைத்து ஒரு தொடர் வரைய ஆசை. ஆனால் பென்சிலை எடுத்தாலே கை தானாகக் கோமாளியின் கன்னத்தில் கண்ணீர்த் துளியை வைக்கிறது. இல்லையென்றால் கயிற்றில் நடக்கும் பெண். "வாழ்க்கையே ஒரு சர்க்கஸ்" என்று காலண்டர் வாசகம் எழுதாத குறைதான். பெரிய ஓவியர்கள் இதை எப்படித் தாண்டினார்கள்?

கொல்லங்கோட்டு வாசகி:
அண்ணா, பார்ப்பவரை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். எனக்குப் பிடித்த சர்க்கஸ் ஓவியங்கள் எல்லாவற்றிலும் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பிரெஞ்சு ஓவியர் டெகா 1879-இல் வரைந்த 'மிஸ் லா லா' லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. கயிற்றைப் பல்லால் கவ்வியபடி கூரைக்கு ஏறுகிறாள் அந்தப் பெண். பார்வையாளர் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. நாம்தான் கீழே கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கிறோம். சோகம், தத்துவம் எதுவும் கிடையாது. கூரை உயரம், பல், அவ்வளவுதான்.

பிக்காசோவின் 1905 ஓவியத்தில் கூத்தாடிக் குடும்பம் ஒன்று வெட்ட வெளியில் நிற்கிறது. ஆறு பேர். கூடாரம் இல்லை, வித்தை இல்லை, டிக்கெட் வாங்கியவரும் இல்லை. ஒருவரும் அழவில்லை, ஆனாலும் மனம் கனக்கிறது.

உங்களுக்கு மிக நெருக்கமானவர் இன்னொரு பிரெஞ்சு ஓவியரான ஸெராதான் என்று நினைக்கிறேன். அவருடைய 'பரேட்' (1887-88) கூடாரத்துக்கு வெளியே நடக்கும் இலவச முன்னோட்டத்தைக் காட்டுகிறது: விளக்கு வெளிச்சத்தில் வாத்தியக்காரர்கள், முன்னால் உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும் கூட்டம். அது பேனர் எழுதியவரின் இடம் அல்லவா? கடைசியாக அவர் வரைந்த 'சர்க்கஸ்' முற்றுப்பெறும் முன்பே, 1891-இல் இறந்துவிட்டார். அதில் கோமாளி நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். கண்ணீர் வைக்க இடமே தராத கோமாளி!

தலச்சேரி மருமகன்:
பாரிஸ் எல்லாம் சரி அண்ணே. நாம் இருக்கும் மாநிலத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் சர்க்கஸ் பயிற்சிக் கூடம் தொடங்கினார். அந்த வட்டாரத்திலிருந்து போனவர்கள் இந்தியா முழுக்கக் கூடாரம் அடித்தார்கள். நான் வேலந்தாவளத்துக்காரன், பெண் எடுத்தது அங்கே. மனைவியின் பெரியப்பா ட்ரபீஸில், அதாவது உயரத்து ஊஞ்சல் வித்தையில், பறந்து வருகிறவரைப் பிடிப்பவராக இருந்தவர்.

கைதட்டல் முழுக்கப் பறந்து வருகிறவருக்கே போகும். பிடிப்பவர் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருப்பார், அவரை யாரும் பார்ப்பதில்லை. வருகிறவரின் முகத்தைத் தான் பார்த்ததே இல்லை, மணிக்கட்டை மட்டும்தான் பார்ப்பேன் என்பார் பெரியப்பா. அதை வரையுங்கள். உருவகம் வேண்டுமென்றால் பார்க்கிறவர் தேடிக்கொள்ளட்டும்.

உங்கள் புலிக்கும் ஒரு கதை உண்டு. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தைக்குப் பயன்படுத்த மத்திய அரசு 1998-இல் தடை விதித்தது. கேரள உயர் நீதிமன்றம் 2000-இலும் உச்ச நீதிமன்றம் 2001-இலும் அதை உறுதி செய்தன. நல்லதுதான். பெரியப்பா மட்டும் இன்னும் ஒத்துக்கொள்வதில்லை. கூட்டம் குறைந்ததற்கு அதுவே காரணம் என்று சாதிப்பார்.

மீனாட்சிபுரம் ஓவிய மாஷ்:
தம்பி, ஒரு பயிற்சி சொல்கிறேன். 1899-இல் துலூஸ்-லாத்ரெக் என்ற பிரெஞ்சு ஓவியரைக் குடியும் மனநலக் கோளாறும் சேர்ந்து ஒரு மருத்துவ இல்லத்தில் அடைத்தன. புத்தி தெளிவாக இருக்கிறது என்று நிரூபிக்க, அவர் உள்ளே இருந்தபடி நினைவிலிருந்தே சர்க்கஸ் காட்சிகளை வரைந்து தள்ளினார். குதிரையின் பின்னங்கால் தசை வரை சரியாக இருக்கும். நீங்களும் இணையத்தில் படம் தேடாமல் வரைந்து பாருங்கள். நினைவில் நிற்காத பகுதியில்தான் அந்தக் கண்ணீர்த் துளி வந்து உட்காருகிறது என்பது என் சந்தேகம்.

சித்தூர் போர்டுக்காரன்:
மாஷ் சொன்னபடி நேற்று இரவு முயன்றேன். பேனர் கட்டும் மூங்கில், முடிச்சு, கேலரிப் பலகைக்கு அடியில் குழந்தைகள் நுழையும் சந்து எல்லாம் தடையின்றி வந்தன. பிடிப்பவர் மட்டும் வரவில்லை, நானும் அவரைப் பார்த்ததே இல்லை போலும். தலச்சேரித் தம்பி, பறந்து வருகிறவரின் கண்ணிலிருந்து அவரை வரைய நினைக்கிறேன். மணிக்கட்டில் என்ன கட்டியிருப்பார்? தலைகீழாகத் தொங்கும்போது கழுத்து நரம்பு எப்படித் தெரியும்?

தலச்சேரி மருமகன்:
துணிப்பட்டை கட்டியிருப்பார், கையில் வெள்ளைப் பொடி. கழுத்து நரம்பை நேரில் வந்து அவரிடமே கேளுங்கள் அண்ணே. ஆனால் ஓவியம் என்று சொல்லிவிடாதீர்கள், கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார். சர்க்கஸுக்குப் பேனர் எழுதியவன் என்று சொல்லுங்கள். கூலி பாக்கி இருக்கிறதா என்றுதான் முதலில் விசாரிப்பார்.