கட்டை மாற்றிய .22 ரைபிளில் மேகசினிலிருந்து தோட்டா சரியாக ஏறவில்லை: எங்கே பார்ப்பது?

யமுனைக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கிழக்கு டெல்லி மயூர் விகாரில் வசிக்கிறேன். விளையாட்டுச் சுடுதலுக்கான உரிமத்தில் .22 லாங் ரைபிள் தோட்டா போடும் போல்ட் ஆக்ஷன் ரைபிள் ஒன்றை வைத்திருக்கிறேன். துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் பயிற்சி செய்கிறேன். ஐந்து தோட்டா கொள்ளும் கழற்றும் வகை மேகசின். என் கை நீளத்துக்குப் பழைய கட்டை (ரைபிளைத் தாங்கும் மரப்பகுதி) பொருந்தாததால், உரிமம் பெற்ற பட்டறை ஒன்றில் அக்ரூட் மரத்தில் புதிய கட்டை செய்யச் சொல்லி, அதில் ஆக்ஷனை (போல்ட் ஓடும் உலோக உடற்பகுதியை) எபாக்சிப் பசைப் படுகையில் அசையாதபடி உட்காரவைத்து வாங்கினேன். குழல், ஆக்ஷன், மேகசின் எல்லாம் பழையவைதான். குறிதவறாமை முன்பைவிட மேம்பட்டிருக்கிறது, அதில் குறையில்லை.

சிக்கல் தோட்டா ஏறுவதில்தான். போல்ட்டை (தோட்டாவைத் தள்ளி ஏற்றும் உருளையை) முன்னே தள்ளும்போது சில நேரம் அது தோட்டாவின் ரிம்மை, அதாவது பின்முனையில் துருத்தும் வளையத்தை, பிடிக்காமல் மேலே வழுக்கிச் சென்று, குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறை வெறுமையாக இருக்க மூடிக்கொள்கிறது. பிடித்த நேரங்களிலும் குண்டின் மூக்கு தோட்டா அறையின் கீழ் விளிம்பில் முட்டி நின்றுவிடுகிறது. எடுத்துப் பார்த்தால் ஈயத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருக்கிறது. ஏப்ரலில் கட்டை கைக்கு வந்தபோது எப்போதாவது நடந்தது, மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அடிக்கடி நடக்கிறது. பட்டறைக்காரர் மேகசின் பழசாகிவிட்டது என்று சொல்லி முடித்துக்கொண்டார். ரேஞ்சில் ஒருவர், மேகசினின் மேல்வாய் விளிம்புகளைக் குறடால் கொஞ்சம் விரித்தால் தோட்டா மேலேறி நிற்கும் என்கிறார். விரிக்கலாமா, அல்லது வேறு எங்காவது பார்க்க வேண்டுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓக்லா லேத் எழுதியது:

எனக்கு ஸ்பிரிங் மீதுதான் சந்தேகம். பல ஆண்டுகள் தோட்டா நிரப்பியபடியே வைத்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்து, தோட்டாவை மேலே தள்ளும் வேகம் குறைந்துவிடும். போல்ட் மேலே வழுக்கிப் போவது அதன் அறிகுறிதான். புது ஸ்பிரிங் போட்டுப் பாருங்கள், செலவும் அதிகமில்லை. விளிம்பை விரிப்பது பற்றி எனக்குக் கருத்து இல்லை, ஆனால் கடினப்படுத்திய எஃகுத் தகட்டைக் குளிர்ந்த நிலையில் வளைத்தால் வெடிப்பு விடும் என்பதை மட்டும் லேத் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்லிவைக்கிறேன்.

கன்டோன்மென்ட் ஆர்மரர் எழுதியது:

தம்பி, குறடை முதலில் எடுத்து உள்ளே வையுங்கள். தோட்டாவை எந்தக் கோணத்தில், எந்த நேரத்தில் விடுவிப்பது என்று தீர்மானிப்பவை அந்த இரண்டு விளிம்புகள்தான். அவற்றை ஒரு முறை விரித்துவிட்டால், பழைய நிலைக்குத் திருப்ப உங்களிடம் அளவு எதுவும் இருக்காது. அதன்பின் கோளாறு கட்டையிலா மேகசினிலா என்று கண்டுபிடிக்கவே முடியாமல் போகும். ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவனாகப் பணியில் இருந்த காலத்தில் என் மேசைக்கு வந்த மேகசின்களில் தேய்ந்து கெட்டவற்றைவிட, யாரோ வளைத்துக் கெடுத்தவையே அதிகம்.

ஸ்பிரிங் தளர்வதும் உண்டுதான், ஓக்லா நண்பர் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்பிரிங் மிகக் குறைவாக அழுத்துவது அது அதிகம் விரிந்து நிற்கும் நேரத்தில், அதாவது மேகசினில் கடைசித் தோட்டா எஞ்சியிருக்கும்போது. எனவே ஸ்பிரிங் கோளாறு என்றால் முதல் மூன்று தோட்டாக்கள் ஒழுங்காக ஏறி, நான்காவதும் ஐந்தாவதும் தகராறு செய்ய வேண்டும். நிரப்பிய மேகசினின் முதல் தோட்டாவே தவறுகிறது என்றால், ஸ்பிரிங் அந்த நேரத்தில் முழு அழுத்தத்தில் இருக்கிறது, தோட்டாவும் விளிம்பில் இறுக ஒட்டி நிற்கிறது. அப்படியிருந்தும் போல்ட்டுக்கு அது எட்டவில்லை என்றால் மேகசினே தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். உங்களுக்கு எந்தத் தோட்டாவில் தவறுகிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. அதுதான் முதல் கேள்வி.

இப்போது கட்டைக்கு வருகிறேன். கழற்றும் மேகசின் உள்ள ரைபிள்களில் இரண்டு அமைப்பு உண்டு. சிலவற்றில் மேகசினைப் பிடிக்கும் கூடு ஆக்ஷனின் அடியிலேயே திருகப்பட்டிருக்கும். அவற்றில் எந்தக் கட்டையை மாற்றினாலும் மேகசினின் உயரம் மாறாது. வேறு சிலவற்றில் மேகசின் கொக்கி, விசைக் காப்பு வளையத்தோடு சேர்ந்த அடித்தகட்டில் இருக்கும். ஆக்ஷன் மரத்தின் மேற்பக்கத்தில் உட்காரும், அடித்தகடு மரத்தின் கீழ்ப்பக்கத்தில் உட்காரும், இரண்டுக்கும் நடுவே இருக்கும் மரத்தின் கனம்தான் மேகசினின் உயரத்தைத் தீர்மானிக்கும். உங்களுடையது இரண்டாவது வகையாக இருந்தால், எபாக்சி படுகை ஆக்ஷனை அரை மில்லிமீட்டர் மேலே தூக்கினாலும் மேகசின் போல்ட்டிலிருந்து அதே அரை மில்லிமீட்டர் கீழே போய்விடும். அரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். .22 தோட்டாவின் ரிம் விட்டம் ஏறத்தாழ 7.1 மில்லிமீட்டர், பித்தளை உடலின் விட்டம் 5.7. ஆக ரிம் உடலைவிட ஒவ்வொரு பக்கமும் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகவே துருத்திக்கொண்டிருக்கிறது. போல்ட்டின் அடிவிளிம்புக்குக் கிடைக்கும் பிடிமானம் இவ்வளவு சிறியதாக இருக்கையில், அதில் அரை மில்லிமீட்டர் போனால் என்ன மிஞ்சும் என்று பாருங்கள்.

குண்டின் கீழ்ப்பக்கம் வெட்டுப்படுவதும் இதையே காட்டுகிறது. மேகசின் தாழ்ந்திருந்தால் மூக்கு தோட்டா அறையின் கீழ் விளிம்பில் முட்டும். மேகசின் உயர்ந்திருந்தாலோ, வாய் விரிந்து தோட்டாவை முன்கூட்டியே விட்டுவிட்டாலோ மேல் விளிம்பில் முட்டும். உங்கள் நண்பர் சொன்னபடி விரித்திருந்தால் கீழே முட்டுவது ஒருவேளை நின்று, மேலே முட்ட ஆரம்பித்திருக்கும்.

மழைக்காலத்தில் மோசமாவதற்கும் காரணம் இருக்கிறது. டெல்லியில் மே மாதத்தின் வறட்சிக்கும் ஆகஸ்டு மாதத்தின் ஈரப்பதத்துக்கும் உள்ள வேறுபாட்டில், இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள அக்ரூட் மரம் குறுக்குவாட்டில் கால் மில்லிமீட்டர் வரைகூட உப்பலாம். திருகு செல்லும் துளைகளில் உலோகத் தூண் வைத்திருந்தால் மரம் உப்பினாலும் ஆக்ஷனுக்கும் அடித்தகட்டுக்கும் இடையிலான தூரம் மாறாது. உங்கள் பட்டறைக்காரர் தூண் வைத்தாரா என்று கேளுங்கள். எபாக்சி மட்டும் வைத்திருந்தால் மரத்தின் உப்பல் அப்படியே மேகசினின் உயரத்தில் தெரியும்.

சோதிப்பது எளிது. உண்மைத் தோட்டா எதையும் மேசைப் பக்கம் கொண்டுவராமல், அலுமினியத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன, மருந்தில்லாத டம்மி தோட்டாக்களை மட்டும் மேகசினில் போடுங்கள். போல்ட்டை முழுவதும் பின்னுக்கு இழுத்து, வழக்கமான வேகத்தில் முன்னே தள்ளி, எந்தத் தோட்டாவில் எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். பிறகு இடது உள்ளங்கையால் மேகசினின் அடியை மேல்நோக்கி மெதுவாக அழுத்தியபடி அதையே செய்யுங்கள். அழுத்தும்போது ஒழுங்காக ஏறி, கையை எடுத்ததும் தவறினால் உயரக் கோளாறு என்பது உறுதி. பழைய கட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இன்னும் நல்லது: ஆக்ஷனை அதில் பூட்டி, போல்ட்டைத் திறந்து, ஆக்ஷனின் மேல் விளிம்பிலிருந்து மேகசினில் நிற்கும் டம்மியின் முதுகு வரை எவ்வளவு ஆழம் என்று வெர்னியரின் ஆழக்கோலால் அளந்துகொள்ளுங்கள். புதிய கட்டையிலும் அதே இடத்தில் அளந்தால், மேற்கொண்டு விவாதிக்க வேண்டியதே இருக்காது.

ஜனக்புரி வாசுகி எழுதியது:

ஆர்மரர் ஐயா சொன்னதற்குமேல் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. என் மகள் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறாள். அங்கே ஒவ்வொரு தோட்டாவையும் கையால்தான் போட வேண்டும் என்பதால் மேகசின் தொல்லை எங்களுக்கு இல்லை. ஆனால் சுத்தம் செய்வது பற்றி ஒரு வார்த்தை. .22 தோட்டாவின் குண்டு வெளிப்பக்கம் மெழுகோ எண்ணெய்ப் பிசுக்கோ பூசப்பட்டு வருகிறது. மே, ஜூன் மாதங்களில் லூ காற்று அடிக்கும்போது ரேஞ்சில் பறக்கும் புழுதி அந்தப் பிசுக்கில் ஒட்டி, மேகசினின் உள்சுவரிலும் போல்ட்டின் முகத்திலும் கறுப்பு அல்வாவைப் போல் படிந்துவிடுகிறது. போல்ட் முகத்தில் ரிம் உட்காரும் பள்ளத்தில் அது அடைந்துகொண்டால், ரிம் போல்ட்டில் உள்ள, தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கியின் கீழே ஏறாமல் தட்டும். எனவே அளப்பதற்கு முன் நைலான் பிரஷ்ஷால் இரண்டையும் நன்றாகத் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் துடைத்துவிடுங்கள். மேகசினுக்குள் எண்ணெய் விட வேண்டாம், உலர்ந்தே இருக்கட்டும்; எண்ணெய் விட்டால் அடுத்த வாரப் புழுதியை அதுவே அழைத்து வரும்.

அத்துடன், தோட்டாக்களை நிரப்பும்போது மேலே உள்ளதன் ரிம் கீழே உள்ளதன் ரிம்முக்கு முன்னால் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பின்னால் மாட்டிக்கொண்டால், போல்ட் தள்ளும்போது மேல் தோட்டா கீழ்த் தோட்டாவையும் இழுத்துக்கொண்டு நின்றுவிடும். அது ரைபிளின் கோளாறு அல்ல.

யமுனைக்கரையான் எழுதியது:

ஆர்மரர் ஐயாவுக்கும் வாசுகி அம்மாவுக்கும் ஓக்லா நண்பருக்கும் நன்றி. சொன்னபடி சுத்தம் செய்துவிட்டு, டம்மி தோட்டாக்களை வைத்துப் பார்த்தேன். நிரப்பிய மேகசினின் முதல் தோட்டாவிலேயே போல்ட் வழுக்குகிறது. கடைசித் தோட்டாவுக்கும் முதல் தோட்டாவுக்கும் வேறுபாடு இல்லை. என்னிடம் உள்ள இன்னொரு மேகசினிலும் அப்படியே. உள்ளங்கையால் அழுத்தினால் எல்லாம் ஏறுகிறது. மேகசின் கொக்கி அடித்தகட்டில்தான் இருக்கிறது. பழைய கட்டையும் பரணில் பத்திரமாக இருந்தது. அளந்தபோது புதிய கட்டையில் தோட்டா 0.6 மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கிறது. பட்டறைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டதில், தூண் எதுவும் வைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். இனி என்ன செய்யச் சொல்ல வேண்டும்? மரத்தை நானே அரத்தால் தேய்த்துவிடலாமா?

ஓக்லா லேத் எழுதியது:

அப்படியானால் ஸ்பிரிங் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். 0.6 என்பது கண்ணுக்கே தெரியும் அளவாயிற்றே, கொடுக்கும் முன் அவர் டம்மி போட்டு ஒருமுறை பார்த்திருந்தாலே பிடிபட்டிருக்கும்.

கன்டோன்மென்ட் ஆர்மரர் எழுதியது:

நீங்களே தேய்க்க வேண்டாம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் அதற்கான உரிமம் பெற்றவருக்கே இடமுண்டு. சுத்தம் செய்வதும் அளப்பதும் உங்கள் வேலை, மற்றதைப் பட்டறையில் கொடுங்கள். அதோடு, அடித்தகடு உட்காரும் பள்ளம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் மேகசின் முன்னும் பின்னும் வேறு உயரத்தில் நிற்கும், அது இப்போதுள்ளதைவிடத் தொல்லை.

பட்டறைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை இவை. எபாக்சி படுகையைத் தொடக் கூடாது. குறி நன்றாக விழுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், அதைக் கலைப்பதில் பொருளில்லை. கீழ்ப்பக்கத்தில் அடித்தகடு உட்காரும் மரத்தை மட்டும் 0.6 மில்லிமீட்டர் சீராக இறக்கி, இரண்டு திருகுத் துளைகளிலும் அலுமினியத் தூண் வைத்து, தூணின் மேல்முனை ஆக்ஷனையும் கீழ்முனை அடித்தகட்டையும் நேராகத் தொடும்படி நீளம் வெட்ட வேண்டும். தூணின் நீளத்தைப் பழைய கட்டையின் கனத்தை அளந்து அதிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், கண்மதிப்பில் வேண்டாம்.

இதில் பலரும் மறந்துவிடுவது திருகின் நீளம். மரத்தின் கனம் குறைந்தால் அதே திருகு ஆக்ஷனுக்குள் 0.6 மில்லிமீட்டர் கூடுதலாக நுழையும். முன்திருகின் நுனி போல்ட்டைத் தொட்டால், போல்ட் கனமாகும், அல்லது திருகு இறுகியதுபோல் காட்டிக்கொண்டு ஆக்ஷன் தளர்வாகவே இருக்கும். பழைய கட்டையில் இருந்த திருகுகளே என்றால் பயமில்லை. புதிய கட்டைக்கென்று நீளமான திருகு போட்டிருந்தால் நுனியைக் குறைக்க வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் மேகசினின் வாய் விளிம்புகளில் மார்க்கர் மையைத் தடவி, வெறும் மேகசினைப் பூட்டி, போல்ட்டைச் சில முறை முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லுங்கள். மை அழிந்திருந்தால் மேகசின் இப்போது அளவுக்கு மீறி உயர்ந்து போல்ட்டின் அடியில் உரசுகிறது என்று பொருள். அழியாமல் இருந்தால் டம்மி தோட்டாக்களை உங்கள் கண்முன்னே ஏற்றிக் காட்டச் சொல்லிவிட்டு வாங்குங்கள். துப்பாக்கியைப் பட்டறையில் விடும்போது உரிமப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய், துப்பாக்கியின் எண்ணைக் குறிப்பிட்ட ரசீதைப் பெற்றுக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடியக் காத்திருக்க வேண்டாம். மரம் உப்பியிருக்கும் இப்போதே தூணை வைத்துவிட்டால், மரம் சுருங்கிய பிறகு திருகுகளை ஒருமுறை மீண்டும் இறுக்கிப் பார்த்தால் போதும்.