பிராண்ட் பையை மாட்டிக்கொண்டு வெளியே போகவே கூச்சமாக இருக்கிறது, எனக்கு மட்டும்தானா?

தூக்கணாங்குருவி:

சிரிக்காமல் படியுங்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் லூயி விட்டான் என்ற விலை உயர்ந்த பிராண்டின் நெவர்ஃபுல் பை ஒன்று வாங்கினேன். அந்தப் பழுப்பு நிறத்தில் எல்.வி. எழுத்தும் பூவும் போட்டிருக்குமே, அதுதான், எதிரே வருகிறவர் பத்தடி தூரத்திலேயே என்ன பை என்று சொல்லிவிடுவார். கடன் வாங்கவில்லை, யாரும் பரிசாகக் கொடுக்கவும் இல்லை, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிச் சேர்த்த என் சொந்தக் காசு. கடையில் கண்ணாடி முன்னால் மாட்டிப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் மூன்று வாரம் உறையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை.

இப்போது எடுத்துப் போகிறேன், ஆனால் எப்படித் தெரியுமா? ரயிலில் ஏறும்போது அதை ஒரு பெரிய துணிப்பைக்குள் வைத்துக்கொள்கிறேன். பைக்கு ஒரு பை. அலுவலக வாசலில் வெளியே எடுப்பேன், சில நாள் அதுவும் இல்லை, நேராக மேசைக்கு அடியில் தள்ளிவிடுவேன். எழுத்து இருக்கும் பக்கத்தை உடம்போடு ஒட்டி மறைத்துக்கொள்ளலாம் என்றால் இரண்டு பக்கமும் எழுத்துதான். யாராவது ஒரு விநாடி கூடுதலாகப் பார்த்தாலே "இவளுக்கு எதுக்கு இந்தப் பந்தா" என்று நினைக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

போன வாரம் நடந்ததுதான் உச்சம். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைத் தோழி பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒரிஜினலா?" என்று கேட்டாள். ஒரிஜினல் என்றால் அலட்டல், டூப்ளிகேட் என்றால் பொய். யோசிக்கக்கூட நேரமில்லாமல் வாய் தானாகவே "ஐயோ, டூப்ளிகேட்தான்" என்று சொல்லிவிட்டது. அவள் முகம் மலர்ந்து, "அப்படியே இருக்கு! எங்கே வாங்கினே, எனக்கும் ஒன்று வாங்கித் தரியா?" என்கிறாள். இப்போது தினமும் கேட்கிறாள். என் காசில் வாங்கிய நிஜப் பையைப் போலி என்று சொல்லிவிட்டு, இல்லாத கடைக்கு முகவரி தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கூச்சம் போகுமா, இல்லை பையை விற்றுவிடுவதுதான் நல்லதா? இதே நிலையில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அரைத்தூக்கம்:

முதலில் ஒன்று, யாரும் பார்ப்பதில்லை. உண்மையாகவே. ரயிலில் எல்லாரும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் பையை அல்ல.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் என்ற உளவியல் பேராசிரியரும் அவர் குழுவும் மாணவர்களுக்கு ஒரு டி-ஷர்ட்டைக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பாரி மேனிலோ என்ற பாடகரின் முகம் அச்சடித்தது, அந்த வயசுப் பிள்ளைகள் போட்டுக்கொள்ள வெட்கப்படும் மாதிரியானது. அதோடு ஆட்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பிவிட்டு, "எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?" என்று கேட்டார்கள். போட்டிருந்தவர்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்றார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். 2000-ல் வெளியான ஆய்வு இது. நம் தலைக்கு மேலே மட்டும் ஒரு விளக்கு எரிகிற மாதிரி நமக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

துணிப்பையைத் தூக்கிப் போடுங்கள். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டிக்கொண்டு போங்கள், சரியாகிவிடும்.

ஊசிநூல்:

அரைத்தூக்கம் சொல்வது முன்பின் தெரியாதவர்களுக்குச் சரி. தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் பார்க்காமல் இருப்பாளா?

நான் தோல் பைகள் பழுது பார்க்கிறேன். இந்த ரகப் பைகள் நிறையவே என் கைக்கு வரும். இத்தனை வருடத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்: அடித்துப் பிடித்துப் பயன்படுத்தியதால் கெட்டுப்போய் வரும் பைகளுக்கு இணையாக, எடுக்காமலே வைத்ததால் கெட்டுப்போன பைகளும் வருகின்றன. பிளாஸ்டிக் கவரில் கட்டி அலமாரியில் வைப்பார்கள், ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். பழைய பைகள் சிலவற்றில் உள்பாக்கெட்டின் பூச்சு பிசுபிசுவென்று ஆகி, கையை விட்டால் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். இரண்டு தடவைதான் வெளியே எடுத்தேன் என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

தங்கச்சி, உங்கள் பையை ஒரு தடவை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து போட்ட உடம்புப் பகுதி தோலே இல்லை, மேலே பூச்சு கொடுத்த கான்வாஸ் துணி. பிடியும், ஓரத்துப் பட்டையும், பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் அந்த மெல்லிய வாரும்தான் தோல். அது சாயம் ஏற்றாத மாட்டுத்தோல், புதிதாக இருக்கும்போது வெளுத்த சந்தன நிறம். வெயிலும் கை எண்ணெயும் பட்டுப் பட்டு மெல்லத் தேன் நிறத்துக்கு வரும், அப்புறம் இன்னும் ஆழ்ந்த பழுப்பு. ஆறு மாதமாகியும் உங்கள் பையின் பிடி வெள்ளையாக இருந்தால், "புதுசு, புதுசு" என்று கத்துவது எழுத்து அல்ல, அந்தப் பிடி. நான்கு மாதம் ஒழுங்காக மாட்டினால் அது ஒரு பையாகிவிடும். இப்போது அது கண்காட்சிப் பொருள்.

நடிகையும் பாடகியுமான ஜேன் பிர்கின் கதை தெரிந்திருக்கும். விமானத்தில் அவருடைய சாமான் எல்லாம் கொட்டிப்போக, பக்கத்தில் உட்கார்ந்திருந்த, ஹெர்மேஸ் என்ற பை நிறுவனத்தின் தலைவர் ஜான் லூயி தூமாவிடம் தனக்குத் தோதான பையே கிடைப்பதில்லை என்று சொல்ல, 1984-ல் பிர்கின் பெயரிலேயே பை வந்தது. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். தன் பையில் அந்த அம்மா ஸ்டிக்கர் ஒட்டினார், நகவெட்டியைத் தொங்கவிட்டார், வாய் மூடாத அளவு திணித்துக்கொண்டு திரிந்தார். அந்த முதல் பை 2025-ல் பாரிஸில் ஏலத்துக்கு வந்தபோது ஸ்டிக்கர் ஒட்டிய தடம், கீறல், கறை எல்லாம் அப்படியே இருந்தது, ஏலத்தில் வேறு எந்தக் கைப்பையும் எட்டாத விலைக்குப் போனது. பையை மதித்தவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

வேப்பங்குச்சி:

எனக்கும் கடவுள் இப்படி ஒரு கஷ்டத்தைக் கொடுக்கக் கூடாதா.

தூக்கணாங்குருவி:

வேப்பங்குச்சி, இதைத்தான் சொன்னேன். பை இருக்கிறதே என்று வருத்தப்படுகிறேன் என்றாலே அதுவும் பந்தா மாதிரிதான் கேட்கிறது. வெளியே யாரிடமும் சொல்ல முடியாமல்தான் இங்கே எழுதினேன்.

ஊசிநூல் அக்கா, பார்த்தேன். பிடி பளீரென்றுதான் இருக்கிறது. கடையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே.

எட்டாம் வரிசை:

நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசப் போகிறேன். கூச்சத்தை ஒரு வியாதி மாதிரி எல்லாரும் விரட்டப் பார்க்கிறீர்கள். எல்லாக் கூச்சமும் ஒன்றல்ல.

என்னிடமும் இரண்டு பைகள் இருக்கின்றன. எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களின் சம்பள உயர்வு பற்றிப் பேசும் நாளில் அவற்றைக் கொண்டுபோவதில்லை. இந்த வருடம் கைவசம் பணமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவரிடம் சொல்லும்போது, அவருடைய பல மாதச் சம்பளம் என் நாற்காலியில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. ஒருமுறை தொங்கியது. அவர் எதுவும் சொல்லவில்லை, பையை ஒருமுறை பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தபடியே தலையாட்டிவிட்டுப் போனார். அந்தப் பார்வைக்குக் கூசாமல் இருந்தால்தான் நான் கவலைப்பட வேண்டும். அதற்காக ரயிலில் முகம் தெரியாதவருக்குப் பயந்து துணிப்பையில் ஒளித்துவைப்பது வேறு விஷயம். திருட்டுப் பயம் என்றால் புரிகிறது, நெவர்ஃபுல்லுக்கு வாயை மூட ஜிப் கிடையாது, நடுவில் ஒரே ஒரு கொக்கிதான். ஆனால் நீங்கள் சொல்வது அது இல்லையே.

இன்னொன்று. அந்த எழுத்து எதற்காக வந்தது? நிறுவனத்தைத் தொடங்கியவர் இறந்து நான்கு வருடம் கழித்து, 1896-ல், அவர் மகன் ஜார்ஜ் விட்டான் அப்பாவின் பெயரெழுத்தைப் பெட்டி முழுக்க அச்சடித்தார். மற்றவர்கள் அவர்கள் பெட்டியைப் பார்த்துப் பார்த்துக் காப்பியடித்தார்கள், அதைத் தடுக்கத்தான். அதாவது பார்த்த உடனே இன்னார் பெட்டி என்று தெரிய வேண்டும், அதுதான் அந்த எழுத்தின் வேலையே. (இன்று உலகத்தில் அதிகம் காப்பியடிக்கப்படும் வடிவங்களில் அதுவும் ஒன்று, பாவம் ஜார்ஜ்.) தெரியும்படி செய்ததை வாங்கிவிட்டுத் தெரிகிறதே என்று ஒளித்தால் எப்படி? பையின் அமைப்பும் தோலும்தான் பிடித்தது, எழுத்து பிடிக்கவில்லை என்றால் விற்றுவிட்டு எழுத்தில்லாததாக வாங்குங்கள். பொட்டேகா வெனேட்டா என்ற பிராண்ட் மாதிரி, தோலைப் பட்டை பட்டையாகப் பின்னியிருப்பார்கள், வெளியே பெயரே இருக்காது. தெரிந்தவருக்கு மட்டும் தெரியும்.

அரைத்தூக்கம்:

தெரிந்தவருக்கு மட்டும் தெரியும் என்பது அதைவிடப் பெரிய பந்தா இல்லையா? பெரிய பிராண்டுகளின் பைகளை எடுத்துப் பார்த்து 2010-ல் ஒரு ஆய்வு வந்தது. ஒரே பிராண்டுக்குள் விலை ஏற ஏற லோகோ சின்னதாகிக்கொண்டே போகிறது என்றார்கள். நிறையப் பணம் இருப்பவர்கள் தங்களுக்குள் மட்டும் கண்ணடித்துக்கொள்கிறார்கள். அதற்கு எல்.வி. எவ்வளவோ மேல், எல்லாருக்கும் தெரியும்படி ஊரறியக் கத்துகிறது.

எட்டாம் வரிசை:

அதை மறுக்க மாட்டேன். என் இரண்டாவது பை அந்த ரகம்தான், மாட்டிட்டுத்தான் இருக்கிறேன்.

கடைசிப்பெட்டி:

நான் உங்களுக்கு நேர் எதிர்க் கரை. இரண்டு வருடம் டூப்ளிகேட் மாட்டிக்கொண்டு ஒரிஜினல் மாதிரி நடந்தேன். அந்தக் கூச்சத்தை நான் சொல்கிறேன் கேளுங்கள். யாராவது பையை உற்றுப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். தையல் சாய்ந்திருக்கிறதா, பூ சரியாக நடுவில் வருகிறதா என்று நானே வீட்டில் உட்கார்ந்து நூல் நூலாக எண்ணியிருக்கிறேன். ஒருநாள் நிஜப் பை வைத்திருந்த ஒருத்தி லிஃப்டில் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பிடிகளும் அருகருகே. அவளுடையது கறுத்து, மழைத்துளி பட்ட புள்ளிகளோடு இருந்தது. என்னுடையது பிளாஸ்டிக் மாதிரி அப்படியே மஞ்சளாக. நான் மூன்றாவது மாடியிலேயே இறங்கி மிச்சத்தைப் படியேறினேன். அன்றோடு அந்தப் பையை எடுப்பதில்லை.

அதனால்தான் உங்கள் பொய் எனக்கு உறுத்துகிறது. ஒரிஜினலை வைத்துக்கொண்டு டூப்ளிகேட் என்கிறீர்கள், நான் டூப்ளிகேட்டை வைத்துக்கொண்டு ஒரிஜினல் என்றேன். வியர்வை இரண்டு பேருக்கும் ஒன்றுதான் போலிருக்கிறது.

தோழியிடம் சொல்லிவிடுங்கள், இழுக்க இழுக்கக் கஷ்டம். அவளே நாளைக்கு எங்கேயோ ஏமாந்து ஒன்றை வாங்கிவந்து உங்கள் பையோடு ஒப்பிடுவாள், அப்போது என்ன செய்வீர்கள்? விலை சொல்லாதீர்கள், எப்படிச் சேர்த்தேன் என்று விளக்கமும் வேண்டாம், விளக்க ஆரம்பித்தாலே ஏதோ தப்பு செய்த மாதிரி ஆகிவிடும். "ஒரிஜினல்தான், ரொம்ப நாள் ஆசை, வாங்கிவிட்டேன், கேட்டதும் கூச்சத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன்." இவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

தூக்கணாங்குருவி:

பத்து நாள் கழித்து வருகிறேன். முதலில், விற்கவில்லை. எட்டாம் வரிசை சொன்னதைப் படித்து இரண்டு நாள் யோசித்தேன், எனக்கு அந்த எழுத்து பிடிக்கத்தான் செய்கிறது, அதை ஒத்துக்கொள்வதற்குத்தான் வெட்கம்.

கடைசிப்பெட்டி, நீங்கள் எழுதிக் கொடுத்ததை ரயிலில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அவள் வந்து உட்கார்ந்ததும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். கோபப்படுவாள், இல்லை "அவ்வளவு காசா" என்பாள் என்று நினைத்தேன். "அட போடி, எங்க அண்ணிகிட்ட வேற ஒண்ணு வாங்கித் தரேன்னு சொல்லிட்டேனே" என்றாள். அவளுக்கு அதுதான் கவலை. அன்று மாலை வரை கொஞ்சம் உர்ரென்று இருந்தாள், பொய் சொன்னதற்காகத்தான், பைக்காக இல்லை. மறுநாள் அவள் தண்ணீர் பாட்டிலையும் குடையையும் என் பைக்குள் போட்டுவிட்டு, "இதுலதான் இடம் நிறைய இருக்கு" என்றாள்.

துணிப்பை இன்னும் ரயிலுக்கு மட்டும் வருகிறது, ஆனால் இப்போது மடித்து உள்ளே இருக்கிறது. கூட்டமான நாளில் அதை எடுத்துப் பையை உள்ளே வைத்துவிடுகிறேன், இதை உங்களிடம் மறைக்கவில்லை. பாட்டில் மூடி சரியாக மூடவில்லை போல, இடது பிடியில் ஒரு துளி விழுந்து வட்டமாகக் கறை ஆகிவிட்டது. ஊசிநூல் அக்கா, இது போகுமா?

ஊசிநூல்:

போகாது. ஈரத்துணி வைத்துத் தேய்க்காதீர்கள், இன்னும் பெரிதாகப் பரவும். அப்படியே மாட்டுங்கள்.