புதுப்பிப்பு: படகு எஞ்சின் வாங்கிய மீனவர் ‘நுகர்வோர்’ ஆவாரா? ஆவார்

என் மைத்துனர் புதுச்சேரியில் வாங்கிய படகு எஞ்சின் பழுதானபோது, “தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல” என்று கடைக்காரர் கைவிரித்ததைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் தந்தவர்களுக்கு நன்றி.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இல் நுகர்வோர் யார் என்று சொல்லும் 2(7) பிரிவை அதன் விளக்கத்தோடு சேர்த்துப் படிக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. சுயதொழிலில் பிழைப்பதற்கென்றே வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருள் ‘வணிக நோக்க’த்தில் சேராது. படகில் அவரோடு வேறு ஆள் போவது இடிக்குமோ என்று பயந்தோம். ஓரிரு உதவியாளர் இருந்தாலும் நுகர்வோர்தான் என்று லட்சுமி என்ஜினீயரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. கடைக்காரருக்கு இது தெரியாதா என்ன!

எதிர்பாராதது, புதுச்சேரிக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. 34ஆம் பிரிவின்படி, அவர் குடியிருக்கும் கடலூரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. நோட்டீஸ் போனதும் எஞ்சினை மாற்றித் தந்துவிட்டார்கள்.