கட்-ஆஃப் 181.5: ஏஐ-டிஎஸ்ஸா, இசிஇயா? தம்பிக்குச் சாய்ஸ் போடணும்

தென்காசி அக்கா:
தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டான், இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் சாய்ஸ் போட வேண்டும். கணக்கு 91, இயற்பியல் 88, வேதியியல் 93. பின்னால் உள்ள இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் கட்-ஆஃப் 181.5. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அப்பாவிடம் "இனி ஏஐ இல்லாத படிப்பு வேஸ்ட்" என்று சொல்லிவிட்டார், அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். எங்களுக்குக் கிடைக்கக்கூடியது இரண்டு. பெயர் உள்ள பழைய கல்லூரி ஒன்றில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்), இல்லையென்றால் வேறொரு தனியார் கல்லூரியில் ஏஐ-டிஎஸ் (செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ்), அந்தத் துறை தொடங்கி மூன்று வருஷம்தான் ஆகிறது. தம்பியைக் கேட்டால் "எதுனாலும் சரி" என்கிறான். நான் பி.காம்., எனக்கு இதில் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

கடைசி செமஸ்டர்:
அக்கா, நான் ஏஐ-டிஎஸ்தான் படிக்கிறேன். எங்கள் பேட்ச்சுக்கான அண்ணா பல்கலையின் 2021 ரெகுலேஷன் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்ஸ், டேட்டாபேஸ், அல்காரிதம் என்று சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்) பையன் படிக்கிறதில் பாதிக்கு மேல் இதிலும் இருக்கும். அதற்கு மேல்தான் மெஷின் லேர்னிங், டீப் லேர்னிங் எல்லாம். விஷயம் தெரிந்தவர் நடத்தினால் அருமையான படிப்பு. எங்களுக்கு அப்படி அமையவில்லை, லேபில் புதிதாகப் படிப்பவர்களுக்குக் கொடுக்கும் ஐரிஸ் பூ டேட்டாசெட்டையே மூன்று செமஸ்டர் திரும்பத் திரும்ப ஓட்டினோம், அந்த 150 பூவையும் இப்போது பேர் சொல்லிக் கூப்பிடுவேன். நேரில் போய் அந்தத் துறையில் யார் யார் பாடம் எடுக்கிறார்கள், ஒரு பேட்ச்சாவது படித்து வெளியே வந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஆபீஸில் கேட்காதீர்கள், கேன்டீனில் மூன்றாம் வருஷப் பையன்களிடம் கேளுங்கள்.

பழைய இசிஇ:
இசிஇ எடுத்தால் சாஃப்ட்வேர் பக்கம் போக முடியாது என்பது சும்மா கதை. 2021 ரெகுலேஷனில் பைத்தான் முதல் செமஸ்டரிலேயே சிவில், மெக்கானிக்கல் உட்பட எல்லாருக்கும் இருந்தது, இசிஇக்கு மூன்றாம் செமஸ்டரில் சி, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வேறு. எம்.டெக் சேர எழுதும் கேட் தேர்விலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளை இசிஇக்காரர் எழுதலாம், 2024 முதல் டேட்டா சயின்ஸ்-ஏஐக்கென்று தனித் தாளே வந்துவிட்டது.

ஆனால் லேசு என்று நினைத்து எடுக்க வேண்டாம், சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸில் ஃபோரியர் ட்ரான்ஸ்ஃபார்ம் வரும்போது வகுப்பில் பாதிப் பேருக்கு முகம் வெளிறும். நான் இப்போது பெங்களூரில் சிப் வெரிஃபிகேஷனில் இருக்கிறேன், சிப்பை ஃபேப்புக்கு (சிப் தயாரிக்கும் ஆலை) அனுப்பும் முன்பே அதில் தப்பு தேடுகிற வேலை, இதுவும் நாள் முழுக்கக் கோடிங்தான். போன வாரம் ஒரே ஒரு ரீசெட் சிக்னலை இரண்டு நாள் வேவ்ஃபார்மில் துரத்தினேன், ஒரு க்ளாக் முன்னாடியே விழுந்துகொண்டிருந்தது. இந்த மாதிரி நோண்டுவது பிடிக்குமா என்று தம்பியிடம் கேளுங்கள். "என்ன படிக்கிறாய்" என்றால் "எதுனாலும் சரி" என்றுதான் சொல்வான், "லீவில் என்ன செய்தாய்" என்று கேளுங்கள்.

எம்சிஏ:
நான் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், அப்புறம் எம்சிஏ (இப்போது 2 வருஷம்தான்). பணம் இடித்தால் கடன் வாங்கித் தனியாரில் சேர்ப்பதற்கு முன் இதையும் ஒரு தடவை யோசியுங்கள்.

தென்காசி அக்கா:
கேட்டேன். கோவில் கொடைக்கு வந்த மைக் செட் ஆம்பிளிஃபையர் ஊமையாகிவிட்டதாம், ஊதி கிடந்த கப்பாசிட்டரைக் கழற்றிப் புதுசு போட்டுப் பாட வைத்தானாம். எங்கள் யாருக்கும் தெரியாது. அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சரி, இசிஇயை முதலில் போட்டு அது கிடைக்காவிட்டால் கீழே உள்ளதும் போய்விடுமா?

கடைசி செமஸ்டர்:
போகாது அக்கா. மேலிருந்து கீழே பார்த்து, அவன் ரேங்குக்கு முதலில் எது காலியோ அதைத்தான் ஒதுக்குவார்கள். பிடித்த வரிசையில் போடுங்கள், கிடைக்குமா என்று பார்த்துப் போடாதீர்கள். சாய்ஸ் லிஸ்ட் லாக் ஆவதற்கு முன் கல்லூரிக் கோடு நம்பரை இரண்டு தடவை சரிபாருங்கள், ஒரே மாதிரிப் பேரில் ரெண்டு மூணு கல்லூரி இருக்கும்.