பையில் என்ன இருக்கிறது, தம்பி?

மதுரையில் ஒருவன் முதுகில் பெரிய பையைச் சுமந்துகொண்டு வெள்ளிக்கிழமை இரவு ரயில் நிலையத்துக்குக் கிளம்பினால், வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறான் என்றே தெருவில் உள்ளவர்கள் முடிவு செய்வார்கள். புதுச்சேரி என்று சொன்னதும் அந்த முடிவு மாறிவிடும். எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர் ஒரு சொல்லும் பேசவில்லை, சிரித்தார், அவ்வளவுதான். நான் குடிப்பவன் அல்லன் என்று அவருக்கு விளக்க நேரமில்லை. பாண்டியன் விரைவு வண்டி புறப்படும் நேரம் நெருங்கிவிட்டது. அந்தச் சிரிப்பு இரண்டு நாளும் என் கூடவே வந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பை என்னுடையது அன்று. கொடைக்கானல் மலையேற்றத்துக்காக அத்தை மகன் வாங்கியதை இரவல் பெற்றிருந்தேன். இரண்டு நாளுக்கு அதில் பாதி அளவே போதும் என்பது தோள்பட்டை வலித்த பிறகுதான் புரிந்தது. விழுப்புரத்தில் விடியுமுன் இறங்கி, அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் பேருந்தில் சென்று, வெயில் ஏறுமுன் புதுச்சேரியை அடைந்தேன். அறை முன்பதிவு செய்திருக்கவில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வெள்ளி இரவே கிளம்புகிறவர்கள் சனிக்கிழமை காலைக்குள் ஊரை நிறைத்துவிடுவார்கள் என்று நண்பர்கள் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை. நான்கு விடுதிகளில் கேட்டேன். இரண்டில் இடமில்லை; ஒன்றில் கேட்ட வாடகைக்கு நான் ஒரு வாரம் உழைக்க வேண்டும்; நான்காவதில் அறை இருந்தும், தனி ஆளுக்குக் கொடுப்பதில்லை என்றார் மேலாளர். காரணம் கேட்டதற்கு முதலில் என் பையைப் பார்த்தார். "தப்பாக நினைக்காதீர்கள் தம்பி, தனியாக வருகிறவர்கள் அறைக்குள் வைத்துக் குடித்துவிட்டு எங்களைப் படாத பாடு படுத்துகிறார்கள்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். இறுதியில், ஒரே கூடத்தில் எட்டுப் பேருக்குக் கட்டில் போட்டிருந்த தங்குமிடம் ஒன்றில், மேல் கட்டில் 700 ரூபாய்க்குக் கிடைத்தது. அங்கே சொந்தப் பூட்டு கொண்டுவந்தவர்களுக்குத்தான் அலமாரி பயன்படும். மற்றவர்கள் பையைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்க வேண்டும். நான் தலைமாட்டில் வைத்தேன்.

வைகையில் மணலைப் பார்த்துக்கொண்டே தண்ணீரைத் தேடிப் பழகியவனுக்கு, தண்ணீர் அவ்வளவு இருந்தும் மணல் இல்லாத கரை விசித்திரமாகத் தெரிந்தது. கடற்கரைச் சாலையின் பெரும்பகுதி நெடுக, காலை வைக்க மணல் இல்லை. கருங்கற்களைக் கொட்டி அடுக்கியிருக்கிறார்கள். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செதுக்குத் தூண்களின் நிழலில் பையை இறக்கியபோது, அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், "என்ன விற்க வந்திருக்கிறாய்?" என்று கேட்டார். அன்று நான் மனம்விட்டுச் சிரித்தது அப்போதுதான். அவர் வம்பாகீரப்பாளையத்து மீனவர். தாம் சிறுவனாக இருந்தபோது இந்தக் கற்கள் இருக்கும் இடத்தில் கட்டுமரங்களை இழுத்துப் போடுவார்கள் என்று சொல்லி, மணல் போன கதையை விரலால் தரையில் கோடு போட்டே விளக்கினார். இந்தக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டு போகின்றன. 1980களின் பிற்பகுதியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் நீட்டப்பட்டதும் மணல் அங்கேயே தங்கிவிட, வடக்கே இருந்த கரையை அலை அரித்தது. அதைத் தடுக்கக் கல் கொட்டினால், அரிப்பு கல் முடியும் இடத்துக்கு வடக்கே இருக்கும் மீனவக் குப்பத்துக்கு நகர்கிறது. "எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டில் திருடுகிற கடல் இது" என்றார் அவர்.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே மட்டும் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் 2018-இல் அங்கே நீருக்கடியில் பெரிய எஃகு ஆப்பு ஒன்றை இறக்கி அலையின் வேகத்தைக் குறைத்ததன் பலன் அது. கூட்டம் முழுவதும் அந்தத் துண்டு மணலில்தான் நின்றது. முழங்காலுக்கு மேல் நனைந்தவர்களை நோக்கிக் காவலர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். அவருடைய சிவப்புத் தொப்பியைப் படம் பிடித்தார்களே தவிர, விசிலை எவரும் மதிக்கவில்லை. மாலை ஆறு மணிக்குச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியதும், 1836-இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் அடியில் குழந்தைகள் ஓடத் தொடங்கினார்கள். அந்த மாலை நேரத்துக்காகவே மறுபடியும் போகலாம்.

ஞாயிறு காலை, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் குடியிருந்த வீட்டைப் பார்க்கச் சென்றேன். மதுரை சேதுபதி பள்ளியில் 1904-இல் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தவர், 1908 முதல் 1918 வரை பிரிட்டிஷ் அரசின் கைக்கு எட்டாமல் வாழ்ந்த ஊர் இது. அந்தப் பள்ளியில் படித்தவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைத்திருந்தேன். வாசலில் இருந்தவர் பையை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். வேறு எதையும் சந்தேகிக்காமல், எடையை மட்டும் பார்த்து, "இவ்வளவையும் சுமந்துகொண்டா சுற்றுகிறீர்கள்?" என்று கேட்ட ஒரே மனிதர் அவர்.

திரும்பும் வழியில் வில்லியனூரில் இறங்கி, சுடுமண் குதிரை ஒன்று வாங்கினேன். விளாச்சேரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வில்லியனூரில் மண் பொம்மை வாங்குவானேன் என்று அம்மா கேட்பார் என்று தெரிந்தேதான் வாங்கினேன். ஈர லுங்கியில் சுற்றி, பையின் நடுவில் வைத்தேன். எல்லைச் சோதனைச் சாவடியில் பேருந்துக்குள் ஏறிய காவலர், நாற்பது பேரைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார். பையை வெளியிலிருந்து அழுத்திப் பார்த்தார்; கையில் கெட்டியாகத் தட்டுப்பட்டதும், "எத்தனை பாட்டில்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பையின் வாயைத் திறந்துவிட்டேன். லுங்கியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். முதலில் காது வந்தது, பிறகு கழுத்து. முன் இருக்கைப் பெண்மணி எழுந்து நின்று பார்த்தார். காவலர் குதிரையை ஒருமுறை திருப்பி, வயிற்றுக்கு அடியில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடியும் லுங்கியில் வைத்துச் சுற்றினார். காலுக்கு இடையில் தனியாகத் துணியைச் செருகி, நான் சுற்றியதைவிட இறுக்கமாகவும் நேர்த்தியாகவும் சுற்றியிருந்தார். மாட்டுத்தாவணியில் இறங்கும் வரை நான் அதைப் பிரிக்கவில்லை.