வித்த பிக்கப், என் பேர்ல நோட்டீஸ்: பொறுப்பு யாருக்கு?

இலைமூட்டை: வணக்கம். கோத்தகிரி பக்கம். 2023ல என் பழைய பிக்கப்பை அடுத்த ஹட்டி (கிராமம்) காரர் ஒருத்தருக்கு வித்தேன். நூறு ரூபா பத்திரம், நோட்டரி சீல், ரெண்டு சாட்சி எல்லாம் பக்கா. ஆர்.சி. மட்டும் என் பேர்லயே கெடக்கு. போன வாரம் சாயங்காலம் பச்சை இலை ஏத்திக்கிட்டு ஃபேக்டரிக்கு இறங்கியிருக்காங்க. ஓட்டினது அவரோட அக்கா பையன். கீழருந்து ஏறி வந்த ஜீப்புக்கு நிக்காம, கொண்டை ஊசி வளைவுல ஒடிச்சுத் திருப்பி, ஓரமா நடந்து போன பெரியவரை இடிச்சு மண்திட்டுல ஏறிடுச்சு. பெரியவருக்குக் கால் முறிவு. மூட்டை மேல உக்காந்து வந்த ரெண்டு அக்காமாருக்கும் அடி, ஒருத்தருக்கு இடுப்பெலும்பு. இப்ப ஸ்டேஷன்லருந்து எனக்கு நோட்டீஸ். நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல. ஜெயிலா, பணமா?

பத்திரம்_பக்கா: ரெண்டும் இல்ல, நிம்மதியா தூங்குங்க. காசு வாங்கிட்டீங்க, சாவி குடுத்துட்டீங்க, அத்தோட முடிஞ்சது. மோட்டார் வாகனச் சட்டம் 157ஆம் பிரிவைப் படிங்க. வண்டியோட பாலிசியும் தானா புது ஓனர் பேருக்குப் போயிடும்.

குமாஸ்தா_ஊட்டி: அண்ணா, இப்படித் தூங்கச் சொல்லித்தான் பல பேரு வீட்டு வாசல்ல கோர்ட் அமீனா வந்து நிக்கிறாரு. 157 பாலிசியைக் காப்பாத்தும், வித்தவரைக் காப்பாத்தாது. 2018ல நவீன் குமார் – விஜய் குமார் வழக்குல வண்டி பல கை மாறியிருந்துச்சு. ஆனா ஆர்.டி.ஓ. பதிவுல பேர் மாறல. பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், நஷ்டஈடு அவர் பொறுப்புன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அடிபட்டவன் கட்டைக் காலோட யார் யாருக்கு வித்தாங்கன்னு தேடி அலைய முடியுமா?

இலைமூட்டை ஐயா, நோட்டீஸ்ல 133னு போட்டிருக்கா பாருங்க. இருந்தா, ‘அன்னைக்கு ஓட்டினது யாரு, சொல்லு’ன்னு ஓனரைக் கேக்கற நோட்டீஸ் அது. எழுத்துல பதில் குடுத்து, பத்திர நகலையும் வெச்சு, ஒரு காப்பில சீல் வாங்கிக்கோங்க. பதில் சொல்லாம இருந்தாத்தான் தனிக் குத்தம். கேஸு ஓட்டின பையன் மேலதான் வரும். பாரதிய நியாய சன்ஹிதாவுல (ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த சட்டம்) அஜாக்கிரதையா ஓட்டினதுக்கு 281, கொடுங்காயத்துக்கு 125(பி).

பத்திரம்_பக்கா: பையன்கிட்ட சரக்கு வண்டி ஓட்டற பேட்ஜ் இருக்கா? வெறும் எல்.எம்.வி., அதான் கார் மாதிரி இலகு வண்டி லைசென்ஸ்னா இன்சூரன்ஸ்காரன் ஃபைலைத் தூக்கி எறிஞ்சிருவான்.

குமாஸ்தா_ஊட்டி: அந்தக் காலம் போச்சு. 7,500 கிலோவுக்குள்ள இருக்கிற வண்டிக்கு எல்.எம்.வி. போதும்னு உச்ச நீதிமன்றம் 2017ல சொன்னதை, 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதி பெஞ்சும் உறுதி பண்ணிடுச்சு. பிக்கப்புக்கு அது தாராளம்.

இலைமூட்டை: நோட்டீஸ்ல 133தான். ஆப்ல நம்பர் போட்டுப் பாத்தேன், பாலிசி உயிரோட இருக்கு. அவர்தான் கட்டிட்டு வந்திருக்காரு, என் பேர்லயே! சரக்கு வண்டி பாலிசி.

குமாஸ்தா_ஊட்டி: அப்ப பெரியவர் விஷயத்துல பாதி பாரம் இறங்கிடுச்சு. ரோட்டுல நடந்தவர் மூன்றாம் நபர், கம்பெனி குடுத்தாகணும். மூட்டை மேல இருந்த ரெண்டு பேர்தான் சிக்கல். சரக்கு வண்டியில சும்மா ஏறி வந்தவங்களுக்குக் கம்பெனி பொறுப்பில்லைன்னு 2002லயே ஆஷா ராணி வழக்குல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 1994 திருத்தத்துக்கு அப்புறம் சரக்குக்குச் சொந்தக்காரரோ அவர் ஆளோ கூட வந்தா மட்டும் உண்டு.

பத்திரம்_பக்கா: அவ்வளவுதானே? லோடு இறக்கத்தான் வந்தோம்னு அந்த அம்மாக்களைச் சொல்லச் சொல்லுங்க.

குமாஸ்தா_ஊட்டி: வேண்டவே வேண்டாம். ஜி.எச்.ல சேர்க்கும்போதே ஏ.ஆர். காப்பியில (விபத்துப் பதிவேட்டு நகல்) எழுதியிருப்பாங்க: ‘வேலை முடிந்து வீடு திரும்புகையில்’. எம்.சி.ஓ.பி.யில (விபத்து நஷ்டஈடு கேக்கற வழக்கு) கம்பெனி வக்கீல் மொதல்ல அதைத்தான் எடுத்து நீட்டுவாரு. ஒரு வரி பொய்யால மொத்த கேஸும் படுத்துரும்.

கொழுந்து: ‘சும்மா ஏறினவங்க’ன்னு எவ்வளவு லேசா எழுதறீங்க! என் அம்மா இருபது வருசமா கொழுந்து பறிக்குது. எடை போட்டு முடிக்கவே பொழுது சாஞ்சுரும், அதுக்குள்ள கடைசி பஸ் போயிரும். மேகம் இறங்கின ரோட்டுல, காட்டெருமை நிக்கிற எடத்துல நடந்து போகச் சொல்றீங்களா? ஏத்திக்கிட்டுப் போறவரு புண்ணியவான்னுதான் நாங்க நெனைக்கிறோம். அடிபட்டா மட்டும் சட்டம் எங்களை யாருன்னு கேக்குதா?

குமாஸ்தா_ஊட்டி: தப்பா சொல்லிட்டேன் தங்கச்சி, மன்னிச்சுக்கோங்க. அவங்க உரிமை எங்கயும் போகல. தாராளமா நஷ்டஈடு கேக்கலாம். கம்பெனி கழண்டுக்கும், ஓனர் கழண்டுக்க முடியாது. சில வழக்குல ‘கம்பெனி மொதல்ல கட்டு, அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோ’ன்னும் உத்தரவு வந்திருக்கு. அப்படி வந்தா அந்த அக்காவுக்குக் காசு சீக்கிரம் கையில வரும்.

பத்திரம்_பக்கா: ஓனர்னா இங்க இலைமூட்டைதான்! ஒரு ரூபா வாடகை வாங்காத மனுசன். இது என்ன நியாயம்?

குமாஸ்தா_ஊட்டி: வித்த பதினாலு நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்கு ஃபாரம் 29 (வண்டியை வித்துட்டேன்னு தெரிவிக்கிறது) குடுத்து, பேர் மாறிடுச்சான்னு ஒரு தடவை பாத்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. இப்ப பத்திரத்தை வெச்சு வாங்கினவர் மேல தனியா சிவில் போட்டு வசூல் பண்ணலாம். அவர்கிட்ட இருந்தா.

பத்திரம்_பக்கா: தீர்ப்பு தீர்ப்பாவே இருக்கட்டும். எனக்கு மனசு ஒப்பல.

இலைமூட்டை: இன்னைக்கு ஸ்டேஷன்ல பதில் குடுத்து சீல் வாங்கிட்டேன். வாங்கினவர் போன் எடுக்கல. இடுப்பெலும்பு அடிபட்ட அக்கா எங்க ஹட்டிதான், என் சம்சாரத்தோட சித்தி மக. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். என்ன சொல்லிப் போறதுன்னு தெரியல, கொஞ்சம் பணம் எடுத்துக்கிட்டுப் போறேன்.

குமாஸ்தா_ஊட்டி: போங்க. ஆனா அங்க யாரும் எதுலயும் கையெழுத்து வாங்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம்.